மீனைக் கேட்டீர்களா?

சமீபத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வருவதற்கு முன்னால் மீன் தொட்டியைக் காட்டினார். 20 லிட்டர் தண்ணீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். நல்ல நீலம், பட்டுப் பாவாடையை விரித்தது போல வால். மூலையில் ஒரு பவர் ஃபில்டர்.

“மணிக்கு 300 லிட்டர் தள்ளும், சார்! பெட்டியிலேயே போட்டிருக்கிறான்” என்றார் பெருமையோடு.

தள்ளத்தான் தள்ளியது. ஃபில்டரின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது. அந்த மீன் தன் நீண்ட வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியில் போய் மோதியது. மறுபடி மேலே வரப் பார்த்தது, மறுபடி தள்ளப்பட்டது.

“பார்த்தீர்களா, என்ன சுறுசுறுப்பு!” என்றார் நண்பர்.

புயல் காற்றில் குடை பிடித்துக்கொண்டு மெரினாவில் தடுமாறுகிற மனிதரைப் பார்த்து, “ஆசாமி என்ன சுறுசுறுப்பாக நடக்கிறார்!” என்று நாம் சொல்வதுண்டா? இதைக் கேட்டேன். நண்பர் சிரித்தார். “நீங்கள் கதை எழுதுகிறவர். எதைப் பார்த்தாலும் உங்களுக்குச் சோகம்தான். ஆற்று மீன் எதிர்நீச்சல் போடவில்லையா?”

அன்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதில் இப்போது சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 லிட்டர் தொட்டியில் மணிக்கு 300 லிட்டர் ஓடினால், தொட்டியிலுள்ள தண்ணீர் முழுவதும் மணிக்கு 15 தடவை ஃபில்டருக்குள் போய் வருகிறது. சாதாரண மீன்களுக்கே மணிக்கு நாலைந்து தடவை போதும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுவான வழக்கு. அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில், அதுவும் பாவாடை கட்டிய மீனை நீந்தச் சொல்கிறோம்.

ஆற்று மீனாம்! எந்த ஆறு, எந்த மீன்? ஃபைட்டருக்குச் சொந்த ஊர் தாய்லாந்துப் பக்கம். அங்கே நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும், செடி மண்டிக் கிடக்கும் ஆழமில்லாத தண்ணீரில் வாழ்கிற ஜாதி அது. 2019-ல் அந்த நாட்டு அரசாங்கம் அதைத் தேசிய நீர்வாழ் பிராணியாகவே அறிவித்தது. தேங்கிய தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதனால் இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னொரு சுவாச உறுப்பு உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிக்கொண்டு போகும். ஆண் மீன் தண்ணீர் மட்டத்தில் நுரையால் கூடு கட்டி, அதில் முட்டைகளைக் காவல் காக்கும். மட்டம் அலைந்துகொண்டே இருந்தால் கூடு நிற்குமா? போதாக்குறைக்கு, அந்த நீண்ட வாலும் துடுப்பும் வயலில் இருந்தவை அல்ல. அழகுக்காக மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. பாவாடையைக் கட்டிவிட்டதும் நாம். வெள்ளத்தில் தள்ளுவதும் நாம்!

எதிர்நீச்சல் போடும் மீன் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில், முக்கியமாகக் கேரளத்தில், சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட ஒரு மீன் உண்டு. கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்பார்கள். 1865-ல் ஃபிரான்சிஸ் டே அதை வருணித்தபோது, சென்னை கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை வைத்தார். அது ஓடுகிற தண்ணீரில் பிறந்த மீன். அதற்கு நல்ல ஓட்டம் வேண்டும், கொடுங்கள். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்குத் தண்டனை. பெட்டியில் போட்டிருக்கிற எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

“அப்படியானால் ஃபில்டரே வேண்டாம்” என்று இன்னொரு கட்சிக்காரர் கிளம்புவார். “கடையில் சின்னப் புட்டியில்தானே வைத்திருக்கிறான்?” கடைக்காரர் விற்கிற வரைக்கும் வைத்திருக்கிறார், நாம் வாழ வைக்க வாங்கி வருகிறோம். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கிறது. அது அதற்கே விஷம். ஃபில்டரிலுள்ள ஸ்பாஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மிச்சத்தைச் செடியும், நாம் அவ்வப்போது தண்ணீர் மாற்றுவதும் பார்த்துக்கொள்ளும். ஃபில்டரின் வேலை இதுதான். வாணவேடிக்கை காட்டுவது அதன் வேலை அல்ல.

இந்த நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். ஆகவே, “பகலில் ஓடட்டும், ராத்திரி நிறுத்திவிடுகிறேன்” என்பது மீனுக்குச் செய்கிற உபகாரம் அல்ல. ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் அவை மூச்சுத் திணறிச் சாகும். ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடக்கமாக ஓட வேண்டும்.

அடக்குவது எப்படி? இது நமக்குப் புதிய வித்தையா? ஏரிக்கு மதகு வைத்தவர்கள் நம் முன்னோர்கள். எந்த விவசாயியாவது வாய்க்காலை நேரே நாற்றங்காலுக்குள் திருப்பிவிடுவானா? மடையில் நாலு கை மண்ணை வைத்துத் தண்ணீரை மெல்லப் பரவ விடுவான். மீன் தொட்டிக்கும் அதே நியாயம்தான்.

ஃபில்டரின் வாயைக் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். தண்ணீர் சுவரில் மோதி, வேகம் தணிந்து பரவும். அது போதாவிட்டால் வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். அல்லது பல துளைகள் போட்ட குழாயை மாட்டுங்கள். ஒரு வாயில் வருகிற வேகம் இருபது துளைகளில் பிரிந்துவிடும். வால்வு வைப்பதானால் தண்ணீர் வெளியேறும் பக்கம் வையுங்கள். உறிஞ்சுகிற பக்கத்தை நெரிக்கவே கூடாது. தண்ணீர் கிடைக்காத மோட்டார் சூடேறும்; கரகரவென்று சத்தம் போடும்; சீக்கிரம் கெடும். ஸ்பாஞ்சைக் கழுவாமல் விட்டால் ஓட்டம் தானே குறையும் என்பாரும் உண்டு. அது கட்டுப்பாடு அல்ல, சோம்பேறித்தனம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசுங்கள்; குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்த நுண்ணுயிர்கள் மடியும்.

ஃபைட்டருக்கு இவற்றையெல்லாம் விட நல்லது, ஏர் பம்பால் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதிலும் காற்று அதிகமானால் குழாயை இறுக்கிக் கட்டாதீர்கள். பம்புக்கு அது சிரமம். கிளைக்குழாய் ஒன்று வைத்து, உபரிக் காற்றை வெளியே விட்டுவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிட்டிகை தீனியைப் போடுங்கள். போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அது மெல்ல நகர்ந்தால் சரி; பறந்து போனால் தப்பு. மீன் ஓர் இலையின் மேல் சாய்ந்து இளைப்பாறுகிறதா என்று பாருங்கள். இளைப்பாற ஓர் இடமும் இல்லாத வீடு வீடே அல்ல.

“ஒரு மீனுக்காக இவ்வளவா? போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே!” இந்த ஆட்சேபத்துக்குத்தான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. காட்டில் இருக்கிற பிராணி இடம் பிடிக்காவிட்டால் ஓடிப் போகும். இதற்கு ஓட வழி ஏது? நான்கு பக்கமும் நாம் வைத்த கண்ணாடி. அதன் வெள்ளமும் அமைதியும் நம் கை விரலில் இருக்கின்றன. இத்தனை சின்ன உயிரின் மேல் இத்தனை பெரிய அதிகாரம் கிடைத்தவன், பெட்டியில் அச்சடித்த எண்ணைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாமா? வீட்டுக் குழந்தைகள் அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மீனை நாம் என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் மறுபடி அந்த நண்பர் வீட்டுக்குப் போனேன். ஃபில்டரின் வாய் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையில் உளுந்தளவு நுரைக்குமிழ்கள் கூட்டமாகச் சேர்ந்திருந்தன. அதற்குக் கீழே அந்த நீலப் பாவாடை, சுருங்காமல், விரிந்து நின்றது.

“பேத்தி என்னவோ செய்து வைத்திருக்கிறாள், சார்” என்றார் நண்பர், என் முகத்தைப் பார்க்காமல்.

நானும் வற்புறுத்தவில்லை. காப்பி நன்றாக இருந்தது.