கோடையில் கேரட் வேண்டாம், கீரை போதும்

கோடையில் வீட்டுத் தோட்டத்தில் கேரட் விதைக்கலாமா எனச் சிலர் எங்களிடம் கேட்கின்றனர். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேரட் குளிர்ச்சியை நாடும் பயிர். அதனாலேயே உதகையில் செழிக்கிறது. 35 டிகிரியைக் கடக்கும் சென்னை வெயிலில் விதை சரிவர முளைக்காது. முளைத்தாலும் கிழங்கு திரளாது.

அதனினும் பெரிய கவலை மண்ணைப் பற்றியது. சாத்தாங்காட்டைச் சுற்றி இரும்புச் சந்தையும் தொழிற்சாலைகளும் உள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய்க் கழிவும் புகுந்தது. இத்தகைய பகுதிகளின் மண்ணில் ஈயம் தங்கியிருக்கக்கூடும். மண்ணுக்குள் விளையும் கிழங்கு அதனை ஈர்க்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை.

ஆகவே, தூய்மையான இடத்திலிருந்து பெற்ற செம்மண்ணும் மக்கிய உரமும் நிரப்பிய பைகளில் தண்டுக்கீரை விதையுங்கள். சில வாரங்களில் பறிக்கலாம். கேரட்டில் நாம் தேடும் வைட்டமின் ஏ சத்து கீரையிலும் முருங்கையிலும் நிறைந்துள்ளது. நன்கு கழுவி, சிறிது எண்ணெயில் சமைத்தால் அச்சத்து உடலில் எளிதில் சேரும். சிறுநீரக நோயாளரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

கேரட் ஆசை தீர வேண்டுமெனில், மழை ஓய்ந்த மார்கழியில் ஓரடி ஆழத் தொட்டியில் விதைத்துப் பாருங்கள்.