பட்டியலின் நீளமா பெரிது?

ஓர் ஆய்வாளரின் பெருமையை அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் பரிசுகளாலும் அளக்கிறோம். இது சரிதானா?

1915-இல் டோக்கியோவில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 'புழுக்களால் எலிகளுக்குப் புற்றுநோய் வருகிறது' என்ற டென்மார்க்கின் ஃபிபிகருக்கு 1926-ஆம் ஆண்டின் பரிசு கிடைத்தது. அம்முடிவு தவறெனப் பின்னர் தெரிந்தது. தார் சோதனையோ பிற ஆய்வுக்கூடங்களிலும் அதே விளைவைத் தந்தது.

ஆகவே, 'மற்றவர் செய்து பார்த்தாலும் இதே முடிவு வருமா?' என்பதே உண்மையான உரைகல். நீங்களும் தனி ஊசல் சோதனையில் 980 வரவேண்டுமென்று அளவீடுகளைத் திருத்தாதீர்கள். கண்டதையே எழுதுங்கள், அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.