பெரிய திரைக்கு ஆசைப்பட்டால் தோள்பட்டை அம்பேல்!

காலை 8 மணி. தாம்பரம் ரெயில் நிலையம். பீச் போகிற மின்சார ரெயில் வந்து நின்றதும் ஜனங்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் முதுகில் ஒரு கறுப்புப் பை. பைக்குள் லேப்டாப், சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். சுமார் 30 கிலோ மீட்டர் தூரம் இந்தச் சுமையோடு நின்றபடியே பயணம். மாலையில் மறுபடியும் அதே கூத்து!

இதில் பாதி கஷ்டம் ரிச்சி தெருவிலேயே தொடங்கி விடுகிறது. "இதே ரேட்டுக்கு பெரிய ஸ்கிரீன் சார், படம் பார்த்தா சும்மா தியேட்டர் மாதிரி இருக்கும்" என்பார்கள் கடையில். வாங்க வந்தவரும் ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்து விட்டு தலையாட்டி விடுகிறார். ஒரு நிமிஷம் தூக்குவது வேறு, ஒரு மணி நேரம் தோளில் மாட்டுவது வேறு அல்லவா?

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. 15.6 அங்குல லேப்டாப் பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு. அதனால் மலிவு. எடை 1.7 கிலோவில் இருந்து 2 கிலோவுக்கு மேலும் போகும். இதையே ஒன்றேகால் கிலோவுக்கு இளைக்க வைக்க அலுமினியம், மக்னீசியக் கலவை எல்லாம் வேண்டும். விலை பல ஆயிரம் ஏறி விடும். மனுஷன் இளைத்தால் துணிச் செலவு மிச்சம், லேப்டாப் இளைத்தால் கூடுதல் செலவு!

கணக்கு என்ன?

திரையை மூலைக்கு மூலை அளப்பதுதான் வழக்கம். 15.6 அங்குலம் என்றால் அகலம் 34.5 சென்டி மீட்டர். 14 அங்குலம் என்றால் 31. திரையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கணக்கு எழுதுகிற குமாஸ்தாவுக்கு இது பெரிய நஷ்டம்தான். ஓரத்தில் இருக்கும் எண் பட்டன்களும் சின்ன லேப்டாப்பில் இருக்காது.

ஆனால் அந்தப் பெரிய திரையை ரெயிலில் எங்கே திறப்பது? மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருகிறார்கள். முழங்கை பட்டால் பக்கத்து சீட்காரர் முறைக்கிறார். வழியில் மூடியே கிடக்கும் திரைக்காக அரை கிலோ, முக்கால் கிலோ கூடுதலாகச் சுமப்பது வீண் வேலை. சின்னதாக ஒன்று வாங்கி, வீட்டு மேஜையில் 22 அங்குல மானிட்டர் ஒன்றை வைத்துக் கொள்ளலாம். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எண் பட்டன் பலகை தனியாக சில நூறு ரூபாய்.

அதற்கும் கையில் காசு இல்லாதவர்? கம்பெனிகள் உபயோகித்துத் தள்ளிய 14 அங்குல லேப்டாப்கள் அதே தெருவில் குவிந்து கிடக்கின்றன. ஒன்றரை கிலோ சுமாருக்கு இருக்கும். பாட்டரியை மட்டும் நன்றாகப் பார்க்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கக் கூடாது. லேப்டாப்பின் அடியில் உள்ள நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவசியம். திருட்டு மால் என்றால் போலீஸ் படி ஏற வேண்டியவர் வாங்கியவர்தான்!

1981-ல் வந்த ஆஸ்போர்ன் கம்ப்யூட்டரையும் 'தூக்கிச் செல்லலாம்' என்றுதான் விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ, திரையோ 5 அங்குலம்! அதோடு பார்த்தால் இன்றைய பை பஞ்சு.

பாரம் தாங்காமல் பையை மேலே வைத்து விட்டு செல்போன் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இறங்கும் அவசரத்தில் பை போனால் போனதுதான். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டப்படி, பயணி தன் கைவசம் வைத்திருக்கும் சாமானுக்கு, ரெயில்வே தரப்பின் அலட்சியம் நிரூபணம் ஆனால் ஒழிய நஷ்டஈடு கிடையாது. 139-க்கு போன் போட்டு புகார் சொல்லலாம், அவ்வளவுதான்.

லேப்டாப்பை ஆபீசே கொடுக்கும் இடங்களில் கதை இன்னும் மோசம். விலையைப் பார்த்து வாங்குகிறவர் காரில் வருகிறார், சுமக்கிற குமாஸ்தா செங்கல்பட்டு வண்டியில் தொங்குகிறார். 14 அங்குலமா, 15.6 அங்குலமா என்று சுமக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டால் முதலாளிக்கு என்ன குறைந்து விடும்? அதுவும் முடியாது என்றால், ராத்திரி லேப்டாப்பை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்து விட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக விடலாமே!