படமும் இருந்தது, ஆளும் இருந்தார்

1943இல் சயாம் (தாய்லாந்து) காட்டில் வாந்திபேதி கண்டு கிடந்த போர்க்கைதிகளின் படுக்கைகளுக்கு அடியில் ஒருவர் தன் படங்களை ஒளித்து வைத்தார். தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் ஜப்பானியக் காவலர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். ஒளித்தவர் ரொனால்ட் சேர்ல், கேம்பிரிட்ஜில் ஓவியம் படித்துவிட்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்த இளைஞர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது கைதானார். மலேரியாவும் புண்ணுமாக அவரே சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். படங்களில் ஏறக்குறைய முந்நூறு தப்பின. அவற்றில் சில 1946இலேயே புத்தகத்தில் வந்தன. தப்பிய படங்களில் பெரும்பாலானவை இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதே காட்டில் கைதியாக இருந்து வரைந்த இன்னொருவர் ஜாக் சால்க்கர், பீரங்கிப் படைக்காரர். கோன்யூ முகாமில் படங்களோடு பிடிபட்டு அடி வாங்கினார். கையில் இருந்ததைக் கிழித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகும் வரைந்தார். மூங்கில் குழாய்க்குள் செருகி மண்ணில் புதைத்தார், அத்தாப்பு ஓலைக் கூரைக்குள் மறைத்தார். கைதிகளாக இருந்த மருத்துவர்களுக்காக அவர் வரைந்த புண்களின் படங்களைப் பார்க்கும்போது கண்ணை எடுக்கவும் முடியாது, நிலைக்க விடவும் முடியாது. மூங்கில் முள் கிழித்த சிறு காயம் கால் முழுக்கப் பரவியிருக்கிறது. சதை விலகி முன்காலெலும்பு நீளமாக வெளியே தெரிகிறது. அழுகிய சதையைக் கரண்டியை முனை தீட்டிச் சுரண்டி எடுத்தார்கள். மயக்க மருந்து போதாத இடம் அது.

இந்தப் படங்களை நாம் ஏன் பார்த்திருக்க வேண்டும்? அந்தக் காட்டில் நம் ஆட்கள் இருந்தார்கள். கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் அங்கே போட்ட ரயில் பாதை, தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அவர்களில் இறந்தவர்களை 75,000 முதல் ஒரு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். போர் வந்து தோட்டத்து வேலை நின்றபோது கூலியும் அரிசியும் தருவதாக ஆசை காட்டிக் கூட்டிப்போனார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்துப் போனார்கள். கைதிகளுக்காவது கூடவே தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள், படை ஒழுங்கு இருந்தது, இறந்தவர் பெயரை எழுதி வைக்க ஆள் இருந்தது. கூலி லயங்களில் பெரும்பாலும் எதுவும் இல்லை. வாந்திபேதி வந்தால் ஒரு கொட்டகையே காலியானது.

தப்பி வந்தவர்கள் நம் பக்கத்தில்தான் இருந்தார்கள். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கித் தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் கிராமங்களுக்குத் திரும்பிய மலாயாக்காரர்களிடையே சயாம் போய் வந்தவர்களும் இருந்தார்கள். மலாயாவிலேயே தங்கியவர்கள் இன்னும் அதிகம். அறுபதுகளில், எழுபதுகளில் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் வயதில் இருந்தார்கள். சேர்லின் படங்களில் சிலவும் அப்போதே அச்சில் வந்திருந்தன. ஒரு படத்தை எடுத்துப்போய், "தாத்தா, இந்தக் கொட்டகை தெரியுதா, இந்த மாதிரிதான் படுத்திருந்தீங்களா?" என்று கேட்டிருக்கலாம். பத்திரிகை நடத்தியவர்கள், ஓவியம் பற்றி எழுதியவர்கள், வரலாறு கற்பித்தவர்கள், நாம் யாருமே போதுமான அளவு கேட்கவில்லை. படத்துக்கு வெளியே எது இருந்தது, அடுத்த கொட்டகையில் யார் கிடந்தார்கள், சடலங்களை எங்கே போட்டார்கள் என்று சொல்லக்கூடிய வாய்கள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. இதைவிடப் பெரிய அலட்சியம் நம் தலைமுறைகளிடம் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்காரர் வெள்ளைக்காரரை வரைந்த படம், நமக்கென்ன என்று ஒதுக்கியவர்களும் உண்டு. பெரும்பாலான படங்களில் இருப்பது சக கைதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மூங்கில் தட்டி, அதே மழை, அதே புண். தோட்டத்துக் கூலியிடம் பென்சில் இல்லை, தாளும் இல்லை. அவர் கண்ட காட்டுக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோகும் படங்கள் இவைதான். அந்த ரயில் பாதையின் க்வாய் நதிப் பாலத்தை 1957இல் வந்த சினிமாவில் கண்டு வியந்தோம். அதை எடுத்தது இலங்கையின் கிதுல்கலையில். கதையில் தோட்டத் தமிழருக்கு இடமில்லை. அது நமக்கு உறைக்கவே இல்லை.

மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவலாக எழுதினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் புத்தகங்களை எத்தனை பேர் கையில் எடுத்தோம்? தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயருண்டு. அந்த ஊரில் நம்மவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது 2023இல், எண்பது வருஷம் கழித்து.

போனவர்கள் இனி வர மாட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட மகன்களும் மகள்களும் இருக்கிறார்கள், பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. அருங்காட்சியகங்களின் தளங்களில் இந்தப் படங்கள் பலவற்றைப் பார்க்க முடிகிறது. அச்செடுத்து அவர்கள் முன்னால் வைத்து, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டு, தேதியும் தோட்டத்தின் பெயரும் சேர்த்து எழுதி வைக்க இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அது ஐந்து வருஷமா பத்து வருஷமா என்பதை அவர்களுடைய வயதுதான் முடிவு செய்யும்.