விதைக்குப் பத்துச் செடியை ஒதுக்குங்கள்

"நாட்டு மிளகாய் கெட்டுப் போய்விட்டது, முன்போல் காய்ப்பதில்லை, காரமும் இல்லை" என்று விவசாயிகள் பலர் குறைப்படுகிறார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே ஆண்டுதோறும் விதைப் பொட்டலமோ குழித்தட்டு நாற்றோ விலைக்கு வாங்கி நடுகிறார்கள். ரகம் கெட்டது உண்மையானால், அதைக் கெடுத்தது யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? என் கருத்தில் ரகத்தின் மீது குற்றம் இல்லை. நாம் விதை எடுக்கும் முறையில்தான் குற்றம்.

முதல் இரண்டு, மூன்று பறிப்பில் வரும் திரட்சியான பழங்களைச் சந்தைக்கு அனுப்பி விடுகிறோம். செடி ஓய்ந்து, இலை சுருண்ட பிறகு கிடைக்கும் பொடிப் பழத்தை விதைக்கு வைக்கிறோம். அதுவும் இல்லையென்றால், வத்தல் டப்பாவின் அடியில் உதிர்ந்து கிடப்பதை எடுத்துத் தூவுகிறோம். அது எந்த ஊர் வத்தல், எந்தச் செடியில் காய்த்தது என்று யாருக்குத் தெரியும்? பசுவுக்கு நல்ல காளை தேடி நாலு ஊர் அலைகிறவர்கூட மிளகாய் விதையில் இந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை. இப்படிப் பத்து வருடம் செய்தால் எந்த ரகம்தான் நிற்கும்?

இதற்கு வீட்டுக் கொல்லையே சரியான இடம். வயலில் ஆயிரக்கணக்கான செடிகளைத் தனித்தனியாகப் பார்க்க நேரம் கிடைக்காது. கொல்லையில் நிற்கும் செடியைத் தினமும் இரண்டு வேளை பார்க்கிறோம். கணக்கும் பெரிதல்ல. ஒரு எக்டருக்கு நாட்டு ரகத்தில் ஒரு கிலோ விதை என்பது பரிந்துரை. அரை ஏக்கர் போடுகிறவருக்கு 200 கிராம் போதும். பத்துச் செடியில் செடிக்கு ஐம்பது, அறுபது பழத்தை முழுதாகப் பழுக்க விட்டால் இந்த அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். சந்தைக் கணக்கில் இது சில கிலோ பழம்தான்.

அந்தப் பத்துச் செடியைப் பூக்கும் முன்பே முடிவு செய்து விடக் கூடாது. இருபது, முப்பது செடி நட்டு, முதல் காய்ப்பு வரும்வரை பாருங்கள். ரகத்துக்கு உரிய காய் வடிவம், சீரான காய்ப்பு, சுருளாத இலை, இவை உள்ள செடிகளை மட்டும் நிறுத்தி அடையாளத்துக்குத் துணி கட்டுங்கள். ஒரு செடியில் ஒரு காய் பிரமாதமாக இருக்கிறது என்று மயங்கக் கூடாது. செடி முழுவதையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது கலப்பு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆனால் தேனீயும் மற்றப் பூச்சிகளும் அடுத்த செடியின் மகரந்தத்தைத் தாராளமாகக் கொண்டு வந்து சேர்க்கும். அதனால்தான் சான்று விதை உற்பத்தியில் ஒரு ரகத்துக்கும் மற்றொன்றுக்கும் 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். கொல்லையில் அதற்கு வழி ஏது? பக்கத்து வீட்டில் சம்பா நிற்கும், எதிர் வீட்டில் குடமிளகாய் நிற்கும். எனவே தேர்ந்தெடுத்த செடியில் ஏற்கெனவே பிடித்த காயையும் விரிந்த பூவையும் கிள்ளிவிட்டு, மொட்டோடு செடியைப் பழைய கொசுவலையால் மூடிக் கட்டுங்கள். காலையில் செடியை இலேசாகத் தட்டிவிட்டால் காய் பிடிக்கும். போதிய பிஞ்சு பிடித்தபின் அந்தக் காம்புகளில் நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு வலையை எடுத்து விடலாம்.

குடமிளகாய் பக்கத்தில் நின்றதால் இந்த வருடக் காயே காரம் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. கலப்பு நடந்தாலும் இந்த வருடக் காயில் தெரியாது. அந்த விதையை நட்டு, அடுத்த வருடம் வரும் செடியின் காயில்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால்தான் இதில் ஏமாந்து போகிறோம்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், விதையைக் காக்காது. உருண்டையான, தோல் தடித்த அந்த முண்டும் நீளமான சம்பாவும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களில் விதையைக் கவனிக்காமல் விட்டால், சில வருடங்களில் உருண்டையும் இல்லாமல் நீளமும் இல்லாமல் ஒரு காய் வந்து நிற்கும். அதை வியாபாரி எந்த விலைக்குக் கேட்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

நோயும் விதையோடு வரும். பழ அழுகல், நுனிக்கருகல் நோயின் பூசணம் விதையில் ஒட்டிக்கொண்டே அடுத்த பருவத்துக்குப் போகிறது. கறுப்புப் புள்ளி விழுந்த பழம், வெளுத்த வத்தல், இவற்றிலிருந்து ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. இன்னொன்று, பீடி குடித்த கையோடு நாற்றைத் தொடாதீர்கள். புகையிலையில் வரும் தேமல் நோய் நச்சுயிரி கை வழியாகவே மிளகாய்க்குத் தொற்றும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

செடியிலேயே நன்கு சிவந்த பழத்தைப் பறித்து, இரண்டு நாள் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் காய வைத்து விதையைப் பிரிக்க வேண்டும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. காரம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். காய்ந்த விதையை நகத்தால் வளைத்தால் ஒடிய வேண்டும். மடங்கினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, ரகமும் ஆண்டும் எழுதி ஒட்டி வையுங்கள். வத்தலாகவே கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிடும் பெண்களின் பழைய முறையையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நாற்றங்கால் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அரை ஏக்கருக்கு அரை சென்ட் மேட்டுப்பாத்தி போதும். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, வரிசையாக மேலாக ஊன்றி, மண் மூடி, வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் விடுங்கள். முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாற்றழுகல் வருவது பெரும்பாலும் நெருக்கமான விதைப்பாலும் அதிகத் தண்ணீராலும்தான். கோழிக்கு முள் வைப்பதை மறக்க வேண்டாம். 40 முதல் 45 நாள் நாற்றை நடலாம்.

வீரிய ஒட்டு ரகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொட்டுநீரும், உரச் செலவுக்குப் பணமும், பச்சை மிளகாய்க்கு அருகில் சந்தையும் உள்ளவருக்கு அது லாபம் தரலாம். ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த முறை செடிக்குச் செடி வேறுபடும். ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். மானாவாரியில், மழையை நம்பிப் போடுகிறவருக்கு அந்தச் செலவு சுமை. விலைக்கு வாங்கும் நாற்றிலும் விற்பவர் சொல்லும் ரகத்தை நம்பித்தான் நடுகிறோம். காய் வந்து பார்த்து, அது வேறு ரகம் என்று தெரியும்போது பருவம் போயிருக்கும்.

விதைக்கும் முன் மூன்று வாரம் இருக்கும்போதே நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு வாரத்தில் அறுபதாவது முளைக்க வேண்டும். சான்று விதைக்கும் இதுவே குறைந்த அளவு. அதற்குக் கீழே போனால், அக்கம்பக்கத்தில் இதேபோல் விதை காத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். விவசாயி தன் விளைச்சலில் விதை எடுத்துச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட பொட்டலமாக விற்கத்தான் கூடாது. கேட்க நேரம் இருப்பதற்காகவே மூன்று வாரம் முன்னதாகச் சோதிக்கச் சொல்கிறேன்.