விளக்கப்படம் வரைதல்

மாணவர்களே! வகுப்பிற்கு விளக்கப்படம் வரைந்து வருமாறு ஆசிரியர் பணித்தால், ஓவியப் பயிற்சி இல்லையே என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் வேண்டுவதன்று. ஓவியத்திற்கு அழகு உயிர். விளக்கப்படத்திற்கோ தெளிவே உயிர்.

கிரிமியப் போரில் (1853–56) ஆங்கிலப் படைவீரருள் புண்பட்டு இறந்தாரினும் நோயுற்று இறந்தாரே மிகப் பலர். இவ்வுண்மையை 1858-இல் படமாக வரைந்து நாடாள்வோர்க்கு உணர்த்தினார் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். அவர் செவிலியர், ஓவியர் அல்லர்.

ஓசூர் மாணவர் தென்பெண்ணையை வரைய விரும்பின் செய்யத்தக்கது யாது? கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அந்நதி, கெலவரப்பள்ளி, கிருட்டிணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலிற் கலக்கின்றது. அதற்கு நீலக்கோடு ஒன்றும் புள்ளிகள் மூன்றும் போதும். பூவும் கொடியும் வேண்டா. அண்மை ஆண்டுகளில் கழிவு கலந்து நுரை பொங்கிய கெலவரப்பள்ளியை மட்டும் செம்மையாற் குறித்திடுக. அந்நீரை நம்பிய வயல்கள் அதன்கீழ் இருத்தலைக் காண்போர் நொடியில் உணர்வர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் கூடிய வகுப்பில் அனைவர்க்கும் அஃது விளங்குமன்றோ?

ஆதலின், வண்ணத்தைத் தேடுமுன் சொல்லவேண்டிய ஒன்றைத் தேடுங்கள். அதனைத் தெளிந்தார்க்குக் கோடு கோணினும் கருத்துக் கோணாது.