நெருப்புப்பெட்டியை அடுப்படியில் வையுங்கள்

விடிந்ததும் முற்றம் கூட்டுவது எமது வழக்கம். தறப்பாள் கொட்டிலின் முன்னால் நான்கு முழ இடமே கிடைத்த நாட்களிலும் எமது பெண்கள் அதைக் கூட்டாமல் விட்டதில்லை. அது நல்ல வழக்கம். அதை விடும்படி நாம் சொல்லவில்லை. கூட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்பதே எமது கேள்வி. சருகை வேலியோரம் குவித்து, நெருப்புக்குச்சியைத் தட்டிப் போட்டுவிட்டு, வளவு துப்புரவாகிவிட்டது என்கிறோம். எமது எண்ணத்தில் இது வளவைப் பேணுவதல்ல. வளவின் சாப்பாட்டை எரிப்பது.

இலை எரியும்போது அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். மண்ணை மிருதுவாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்கலோ அதில் இல்லை. பிறகு அதே சத்துக்காகக் கடைக்குப் போய் யூரியா வாங்குகிறோம். எரித்ததைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்று சொன்னால் பிழையில்லை.

யூரியாவை நம்பியிருப்பதன் கஷ்டத்தை நாம் இரண்டு தடவை கண்டுவிட்டோம். 1990களில் பொருளாதாரத் தடை காரணமாக வடக்கிற்கு இரசாயனப் பசளை வருவது அரிதாயிற்று. அப்போது பூவரசங்குழையும் காவோலையும் மாட்டெருவுமே தோட்டங்களுக்குக் கைகொடுத்தன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் 2022 நெருக்கடியில் பசளை விலை ஏழை விவசாயிக்கு எட்டாமற் போயிற்று. வயலுக்கு வேண்டிய முழுவதையும் குப்பைக்கிடங்கு தந்துவிடாது. வீட்டுக் கறிக்கு வேண்டிய வளவுக்கு அது போதும்.

வளவு வேலைக்கும் காலம் உண்டு. புரட்டாதியில், மழைக்கு முன்னர், கிடங்கில் மக்கியதை அள்ளி மரப்பாத்திகளுக்கும் மேடைகளுக்கும் போடுங்கள். வேலிக் கதியாலின் குழையை வெட்டி மண்ணில் தாழுங்கள்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. எமது பகுதிகளில் ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே பெய்கிறது. கிடங்கில் வெள்ளம் நின்றால் குப்பை நாறும். ஆகையால் மாரியில் மேட்டில் குவித்துக் கிடுகால் மூடுங்கள். புதிய கதியால், முருங்கைத் தடி, மரவள்ளித் தடி நாட்ட இதுவே காலம்.

தை, மாசியில் புல் பூண்டுகளை விதை விழ முன்னரே பிடுங்கிக் குவியலில் சேருங்கள். விதை முற்றினால் அடுத்த மாரியில் இரட்டிப்பு வேலை.

பங்குனியில் வெயில் ஏறும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று மண்ணை வறட்டும். இப்போது சருகே தண்ணீர். கத்தரி, மிளகாய் அடியில் சருகை நான்கு விரற்கிடை உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டில் முட்டாமல் சிறிது இடம் விடுங்கள். தென்னையைச் சுற்றிக் குழி வெட்டிப் பொச்சுமட்டையைக் குழிவான பக்கம் மேலே இருக்க அடுக்கி மூடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விடுங்கள். வாளியில் தண்ணீர் சுமக்கும் தாய்க்கு, ஒரு வாளி குறைந்தாலும் அது பெரிய ஆறுதல்.

"குப்பையை வைச்சால் பாம்பு வரும், நுளம்பு வரும், சனம் என்ன சொல்லும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குவியலைக் குடிமனையிலிருந்து எட்டத்திலும், கிணற்றிலிருந்து இன்னும் எட்டத்திலும் வையுங்கள். தடியால் கிளறிப் பார்க்காமல் கையை விடாதீர்கள். டெங்கு நுளம்பு பெருகுவது சருகில் அல்ல. சிரட்டை, தகரப்பேணி, தயிர்ச்சட்டி, பழைய ரயர் இவற்றில் தேங்கும் தண்ணீரில். மாரியில் வாரம் ஒரு தடவை அவற்றைத் தேடிக் கவிழ்த்து அகற்றுங்கள். கொளுத்துவதை விட அது பயனுள்ள துப்புரவு.

இன்னொரு பதிலும் கேட்கிறோம்: "இது இரவல் காணி. நாங்கள் மண்ணைத் திருத்த, நாளைக்குச் சொந்தக்காரர் வந்து எழும்பச் சொல்லுவார்." இடம்பெயர்ந்து பல வளவு மாறியவர்களின் வாயிலிருந்து வரும் இந்தச் சொல்லை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. தென்னை நாட்டச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கும் குப்பையை உரப்பையில் நிரப்பி மிளகாய்க் கன்று வைத்தால், எழும்பும் நாளில் பையும் கன்றும் உங்களோடு வரும். முருங்கைத் தடியும் வாழைக்குட்டியும் அப்படியே. எரித்த சாம்பலை எவரும் கொண்டுபோனதில்லை.

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான ஒரு சொல். பல வருடம் பற்றையாய்க் கிடந்த வளவைக் கண்டதும் முதலில் கொளுத்தத் தோன்றும். மண்ணுக்குள் வெடிக்காத பொருள் கிடந்தால் அந்த நெருப்பே அதை வெடிக்க வைக்கக்கூடும். மிதிவெடி அகற்றியவர்கள் காணியைக் கையளித்த பின்னரே உள்ளே இறங்குங்கள். அதன் பின்னரும் கொளுத்தாமல் வெட்டிக் குவியுங்கள். சந்தேகமான எதையும் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நாளைக் காலையும் முற்றம் கூட்டுங்கள். கூட்டியதை வளவின் ஒரு மூலையில் சேருங்கள். நெருப்புப்பெட்டி அடுப்படியிலேயே இருக்கட்டும்.